பூட்டின் முகத்தில் ஓர் எண்

1888 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு விடியற்காலை. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் இன்னும் தூக்கம் கலையாமல் கிடந்தார். அவருடைய மனைவி பெர்தா, மகன்கள் இருவரையும் எழுப்பிக்கொண்டு, பட்டறையில் நின்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த போர்ட்ஸைம் ஊரில் இருந்தது பிறந்த வீடு. புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். ஒரு கம்பியின் உறை தேய்ந்துபோனபோது காலுறைப் பட்டையைச் சுற்றிச் சமாளித்தார். தீர்ந்துபோன எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். அன்று முழுக்க எதையாவது தேடிக்கொண்டே இருந்த பெர்தா, ஒன்றை மட்டும் தேடவே இல்லை. புறப்படும்போது கணவரின் சட்டைப்பையைத் துழாவும் வேலை அவருக்கு வைக்கப்படவில்லை.

அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமே, பூட்டு இல்லாத காரணத்தால் சாத்தியமானது.

அடுத்த 20 ஆண்டுகளுக்கும் இந்தக் குறையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரைக் கிளப்புவதே அப்போது ஒரு மல்யுத்தம். முன்பக்கம் இரும்புக் கைப்பிடியை நுழைத்து, மூச்சைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். தீப்பொறி நேரம் தவறினால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறியும். பழக்கமில்லாதவன் காரைத் திருடிக்கொண்டு போவதற்குள் ஊர் கூடிவிடும். அந்தக் கைப்பிடியே பூட்டு. அதைத் திறப்பதற்கு வேண்டியது தோள்பலம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கதை ஒன்று உண்டு. பெல் ஐல் தீவுக்குப் போகும் பாலத்தில் ஒரு பெண்மணியின் காடிலாக் கார் நின்றுவிட்டது. அவ்வழியே வந்த பைரன் கார்ட்டர் உதவப் போனார். அவரே கார் தயாரிப்பாளர். கைப்பிடி எகிறித் தாடையை உடைத்தது; அந்தக் காயத்தின் தொடர்ச்சியாக நோய் முற்றி இறந்தார் என்பது கதை. கார்ட்டர் 1908-ல் இறந்தது உண்மை. மற்ற விவரங்களில் கதை சொன்னவர்களின் கைவண்ணமும் கலந்திருக்கும். ஆனால் காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட், இனி தன் கார் எவர் உயிரையும் வாங்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். கைப்பிடிக்குப் பதில் மின்மோட்டார் வேண்டும். எஞ்சினைச் சுழற்றும் அளவு மோட்டாரும் பேட்டரியும் வைத்தால் காரில் ஆள் உட்கார இடமிருக்காது என்று பொறியாளர்கள் கைவிரித்தார்கள்.

விடை ஒரு கல்லாப்பெட்டியிலிருந்து வந்தது.

ஒஹையோ மாநிலத்தின் டேட்டனில் சார்லஸ் கெட்டரிங் என்ற இளைஞர், கடைகளில் காசு வாங்கிப் போடும் பதிவுப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர். பெட்டியின் இழுப்பறை திறக்க ஒரு நொடி வலு போதும். நாள் முழுக்கச் சுழல வேண்டியதில்லை. கார் எஞ்சினும் அப்படித்தான் என்பது அவருக்குப் பளிச்சென்று பட்டது. சில நொடிகளுக்கு மட்டும் சின்ன மோட்டாரை அளவுக்கு மீறி உழைக்கவைக்கலாம். சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். 1911 பிப்ரவரியில் காடிலாக் காரில் பொருத்திக் காட்டினார். லேலண்ட் 12,000 மோட்டார்களுக்கு ஆணை கொடுத்தார். 1912-ம் ஆண்டின் காடிலாக்கில் கைப்பிடியின் ராஜ்ஜியம் முடிந்தது. பெண்கள், முதியவர்கள் எல்லோரும் காலால் ஒரு மிதி மிதித்துக் காரைக் கிளப்பினார்கள்.

திருடர்களும்தான்.

தோள்பலம் என்ற பூட்டை கெட்டரிங் உடைத்துவிட்டார். அதன் இடத்தில் வேறொன்று வைக்க எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் கார் திருட்டு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. திருடிய காரை மாநில எல்லை தாண்டி ஓட்டிச் செல்வதைக் குற்றமாக்கி 1919-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டினார்கள். எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். காற்றடைத்த ரப்பர் மனிதனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டும் சரக்குக்கு அந்தக் காலத்தில் விளம்பரம்கூட வந்தது. ரப்பர் ஆள் எத்தனை பேரை விரட்டினானோ! நிஜமான காவல்காரன் வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தான். கட்டை விரல் நீளம்தான் இருந்தான்.

ஃபோர்டு நிறுவனம் 1919-ல் மாடல் டி கார்களுக்கு மின் ஸ்டார்ட்டர் கொடுக்கத் தொடங்கியது. அதோடு டேஷ்போர்டில் சாவி போடும் சுவிட்சும் வந்தது. மின்சாரம் பாய்ந்தால்தான் தீப்பொறி. தீப்பொறி இருந்தால்தான் எஞ்சின். ஆகவே மின்சாரத்தைச் சாவிக்குள் அடைத்தார்கள். ஆனால் லட்சக்கணக்கில் கார் செய்பவர், காருக்கு ஒரு புதுச் சாவியா செய்வார்? 51 முதல் 74 வரை எண் போட்டு, 24 விதச் சாவிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். 1923-ம் ஆண்டில் மட்டும் உருண்டு வந்த மாடல் டி கார்கள் 18 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பாதியில் மட்டுமே அந்த சுவிட்ச் இருந்ததாக வைத்தாலும், ஒரே ஆண்டில் ஒரு சாவிக்கு முப்பத்தேழாயிரம் கார்கள் திறந்துகொள்ளும். 24 சாவிகள் கோத்த ஒரு வளையம் இருந்தால், ஊரிலுள்ள ஃபோர்டு எல்லாம் சொந்தம்!

ஆனாலும் அந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சாவியின் தலையில் இரண்டு இலக்கம் பொறித்தவருக்கு, அது எதிர்காலத்தில் என்ன வேலை செய்யப்போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

அதே காலத்தில் மில்வாக்கி நகரில் இரண்டு பேர் தோல்வியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார்கள். கல்லூரியில் ஓர் எஞ்சினை வடிவமைத்த ஸ்டீபன் பிரிக்ஸும், தானிய வியாபாரி ஹெரால்டு ஸ்டிராட்டனும் 1908-ல் கூட்டுச் சேர்ந்தவர்கள். அந்த எஞ்சினை விற்கும் விலைக்குச் செய்ய முடியவில்லை. காரே செய்து பார்த்தார்கள்; கையைச் சுட்டுக்கொண்டார்கள். கடைசியில் மற்றவர்களின் கார்களுக்குச் சுவிட்ச் செய்து பிழைத்தார்கள். அன்றைய கார் பூட்டின் உருளை பித்தளையைக் கடைந்து செய்யப்பட்டது, விலை அதிகம். 1924-ல் பிரிக்ஸ் ஸ்டிராட்டன், உருக்கிய துத்தநாகக் கலவையை அச்சில் அழுத்தி வார்த்த உருளையைக் கொண்டுவந்தது. உள்ளே வேலை பழையதுதான்: சின்னச் சின்னத் தகடுகள் வில்லின் மேல் நிற்கும், சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வரும், உருளை திரும்பும். புதிது அதன் விலைதான். சொந்தமாய்க் கார் செய்யத் தெரியாமல் தோற்ற நிறுவனம், அமெரிக்காவின் பெரும்பாலான கார்களைப் பூட்டும் நிறுவனமானது.

துத்தநாகத்துக்குள் ஒரு சனி ஒளிந்திருந்தது. அந்தக் காலத்து வார்ப்புகளில் ஈயம் போன்ற அசுத்தங்கள் துளி கலந்திருந்தாலும், ஈரக்காற்றில் உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, கடைசியில் பொரிந்த அப்பளம் மாதிரி நொறுங்கும். சுத்தமான துத்தநாகத்தோடு புதிய கலவை வந்த பிறகே இது அடங்கியது. அதற்குள் வார்க்கப்பட்ட கைப்பிடிகள், கார்ப்பரேட்டர்கள், பூட்டு உடல்கள் பலவும் ஐம்பது அறுபது வருடத்தில் பொடியாயின. ஆனால் அவற்றோடு வந்த பித்தளைச் சாவி பொடியாகவில்லை. பூட்டு செத்துப்போனது, சாவி மட்டும் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் உயிரோடு கிடந்தது.

இங்கிலாந்தில் கதை இன்னும் சுவையாகத் திரும்பியது.

பர்மிங்ஹாமுக்குச் சற்று வடமேற்கே வில்லன்ஹால் என்றொரு சிற்றூர். பல தலைமுறைகளாகப் பூட்டு செய்வதே அதன் தொழில். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஒரு பிடிகருவி, அதன் மேல் குனிந்தபடியே அரம் போடும் ஆள். சிறுவயதிலிருந்து குனிந்து குனிந்து அந்த ஊர்க்காரர்களின் முதுகே வளைந்துபோனதால், அக்கம்பக்கத்தார் அதற்குக் கூனூர் என்ற பொருள்படப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மதுக்கடைச் சுவரில் கூன் பதிந்து உட்காரக் குழி வெட்டியிருந்ததாகவும் சொல்வார்கள். சாவியின் ஒவ்வொரு பல்லுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் முதுகெலும்பு இருந்தது என்பதை நினைத்தால், அந்தச் சின்ன உலோகத் துண்டு கனத்துப்போகிறது.

மோட்டார் காலம் வந்ததும் இந்தத் தொழில் அப்படியே கார்ப் பக்கம் சாய்ந்தது. யூனியன் முத்திரை போட்ட ஜோசையா பார்க்ஸ் நிறுவனம் வில்லன்ஹாலில் இருந்தது. கதவுக் கைப்பிடி, பம்பர், வெப்பமானி எல்லாம் செய்த வில்மாட் பிரீடன் நிறுவனம் பர்மிங்ஹாமில் இருந்தது. தெருவில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்று, பிறகு சைக்கிள் விளக்கில் பேர் வாங்கிய ஜோசப் லூக்காஸின் நிறுவனமும் பர்மிங்ஹாமில்தான். காரின் மின்சாமான்கள் பெரும்பாலும் அவர்களுடையவை. இந்த லூக்காஸ்தான் 1961-ல் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து சென்னைப் பாடியில் தொழிற்சாலைக்கு வழிவகுத்தது.

இதில் ஒரு சிக்கல் பிறந்தது. சுவிட்ச் ஒரு தொழிற்சாலையிலிருந்தும், கதவுப் பூட்டு வேறொரு தொழிற்சாலையிலிருந்தும் வந்தன. காரை வாங்குபவரோ இரண்டுக்கும் ஒரே சாவி இருந்தால் நல்லது என்றார். ஓடிக்கொண்டிருக்கும் அசெம்பிளி வரிசையில், எந்தச் சுவிட்சுக்கு எந்தக் கதவுப் பூட்டு ஜோடி என்று ஒவ்வொன்றையும் சாவி போட்டுப் பார்க்க நேரம் ஏது?

எண்தான் ஜோடி சேர்த்தது. எழுத்து வரிசையும் எண்ணும் சேர்ந்த குறியீடுகள் வந்தன. அவற்றில் மிகப் பரவலானது எஃப்.எஸ். வரிசை: 876-ல் தொடங்கி 955-ல் முடியும் 80 சாவிகள். எம்.ஜி., ஆஸ்டின், ட்ரையம்ஃப், ஜாகுவார் என்று முகம் மாறினாலும் பல கார்களின் பூட்டுக்குள் இந்த எண்பதில் ஒன்று இருந்தது. எஃப்.எஸ். பூட்டுப் போட்ட 81 கார்களை ஒரு மைதானத்தில் நிறுத்தினால், குறைந்தது இரண்டுக்காவது ஒரே சாவி பொருந்தியே தீரும். வரிசையின் எண்ணிக்கையைவிடப் பெரிய வேடிக்கை அந்த எண்ணைப் பொறித்த இடம்.

சாவியின் தலையில் பொறித்தார்கள், அது சரி. பூட்டின் முகத்திலும் பொறித்தார்கள். டேஷ்போர்டில், சாவித் துவாரத்தைச் சுற்றி, எவர் கண்ணுக்கும் தெரியும்படி! கூரை இல்லாத எம்.ஜி. காரை நிறுத்திவிட்டு ஒருவர் தேநீர் குடிக்கப் போனால், நடைபாதையில் போகிறவன் எட்டிப் பார்த்து எஃப்.எஸ். 912 என்று படித்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெரு கராஜில் எண்பது சாவிகளும் பலகையில் ஆணி ஆணியாகத் தொங்கும். எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். கள்ளச்சாவிக்குக் கள்ளன் அலைய வேண்டியதே இல்லை.

அமெரிக்கர்கள் இதற்கு நேர் எதிரான புத்தியோடு இறங்கினார்கள். 1930-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களோடு வந்த பிரிக்ஸ் ஸ்டிராட்டன் சாவியின் தலையில் சின்ன வில்லை ஒன்று பதிந்திருந்தது. எண் அந்த வில்லையில் மட்டும்தான். காரை வாங்கியவர் எண்ணைக் குறித்துக்கொண்டு வில்லையைத் தட்டி வெளியே தள்ளிவிட வேண்டும். பிறகு சாவியைப் பார்த்து எவரும் எண்ணைத் தெரிந்துகொள்ள முடியாது. எண்கோணத் தலை சுவிட்சுக்கு, வட்டத் தலை பின்பெட்டிக்கு என்று இருட்டிலும் விரல் தடவி அறியும் வசதியும் செய்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் குறித்து வைத்த தாள் தொலைந்தது. தட்டிய வில்லை தொலைந்தது. பல வீடுகளில் இரண்டும் தொலைந்தன. எவருடைய புத்தி சரி என்று தீர்ப்பாக இன்னும் நாற்பது வருடம் இருந்தது.

இடையில் சாவி தன் அதிகாரத்தை வளர்த்துக்கொண்டே போனது. அதுவரை சாவி மின்சாரத்தை மட்டும் திறந்துவிடும். எஞ்சினைக் கிளப்பத் தனிப் பொத்தான் அல்லது மிதி. 1949-ல் கிறைஸ்லர் இரண்டையும் ஒரே திருப்பலில் சேர்த்தது. 1965-ல் ஃபோர்டு இரண்டு பக்கமும் பல் வெட்டிய சாவியைக் கொடுத்தது. எப்படிச் செருகினாலும் நுழையும். அந்தப் பத்தாண்டின் முடிவில் அமெரிக்கக் கார்களில் பூட்டு ஸ்டியரிங் தண்டுக்கே குடிபெயர்ந்தது. சாவியை எடுத்தால் சக்கரமும் திரும்பாது.

சாவியோடு சேர்ந்து அதன் உறவுக்கூட்டமும் பெருகியது. விற்பனையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த தோல் பட்டை. கதவு உறைபனியில் இறுகாமலிருக்க ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. இவற்றில் மனதைத் தொடுவது ஒன்று உண்டு. போரில் ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர்களின் சங்கம், 1940-களில் தொடங்கி 1970-களின் நடுப்பகுதி வரை, கார் சொந்தக்காரர்களுக்குச் சாவிக்கொத்தில் மாட்டும் தகடுகளைத் தபாலில் அனுப்பியது. காரின் பதிவெண் பலகை அப்படியே நகத்தளவுக்குச் சுருங்கியது போலிருக்கும். மாநிலத்தின் நிறம்கூட மாறாது. தொலைந்த சாவிக்கொத்தைக் கண்டெடுத்தவர் எந்தத் தபால் பெட்டியில் போட்டாலும் போதும். சங்கம் உரியவரிடம் சேர்த்துவிடும். வந்த நன்கொடை வீரர்களுக்குப் போகும். கால் இழந்தவர்கள், ஊரார் தொலைத்த சாவிகளுக்கு வீடு தேடிக் கொடுத்தார்கள்.

1986-ல் கார்வெட் கார்ச் சாவியின் தண்டில் ஒரு கறுப்புப் பொட்டு முளைத்தது. உள்ளே மின்தடை, பல் சரியாக இருந்தாலும் தடையின் அளவு பொருந்தாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. அடுத்து சாவித் தலைக்குள் சில்லு வந்தது. பல் வெட்டிய சாவியின் காலம் மெல்ல முடிந்தது. அந்தச் சாவியோடு பிறந்த கார்களோ முடிய மறுத்தன.

பழைய காரைப் பாட்டன் சொத்துப் போலப் பேணுகிறவர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு எஞ்சின் கிடைத்தது, பெயிண்ட் கிடைத்தது, தோல் இருக்கைகூடத் தைத்துக் கொடுக்க ஆள் கிடைத்தது. இலங்கையில் மாரிஸ் மைனருக்கு உதிரிபாகம் செய்து, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழிற்சாலைகூட எழுந்தது. கிடைக்காமல் போனது சாவி. கொட்டகையில் கண்டெடுத்த பல கார்களுக்குச் சாவி இருப்பதில்லை. கராஜ்கள் மூடப்பட்டபோது, எண்பது ஆணிகள் அடித்த பலகைகள் குப்பைக்குப் போயின.

மொத்தமும் போய்விடவில்லை. தெற்கு இங்கிலாந்தில் பியூலி என்ற இடத்தில், மோட்டார் அருங்காட்சியகத்தின் புல்வெளியில் 1967 முதல் பழைய கார்ச் சாமான் சந்தை கூடுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் 1950-களிலிருந்து இலையுதிர்காலத்தில் இன்னொன்று. தகர டப்பாக்களில், சுருட்டுப் பெட்டிகளில், சணல் கயிற்றில் கோத்து, அனாதைச் சாவிகள் அங்கே வந்து சேர்ந்தன. ஆனால் ஆயிரம் சாவிகள் கிடக்கும் பெட்டியில் தன் காரின் சாவியை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பூட்டின் முகத்தைப் பார்த்து.

திருடனுக்குத் திறந்துவிட்ட கதவு என்று ஏளனம் செய்யப்பட்ட அதே எண்தான், அரை நூற்றாண்டு கழித்து உரியவரை உள்ளே அழைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார் வைத்திருப்பவர், வில்லை தொலைந்துபோன வெற்றுச் சாவியோடு பூட்டைக் கழற்றி உருளையின் உடலில் ஏதாவது எண் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் தேட வேண்டியிருந்தது. எம்.ஜி. காரரோ பழைய பல்துலக்கியால் டேஷ்போர்டு அழுக்கைத் துடைத்தார், எண் தெரிந்தது. அழிந்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், கார் எந்த நாளில் என்ன நிறத்தில் பிறந்தது, எந்த ஊருக்குப் போனது என்று சான்றிதழ் கிடைக்கும். பதிவேட்டில் அன்றைய எழுத்தர் எழுதியிருந்தால், அதில் சாவி எண்ணும் இருக்கும்.

தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் வெட்டினால், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். நகலின் நகல் ஒருநாள் திரும்ப மறுக்கும். எண் தெரிந்தால் அந்தக் கவலையே இல்லை. ஒவ்வொரு பல்லும் எத்தனை ஆழம் என்று பட்டியல் சொல்லும். தொழிற்சாலையை விட்டு வந்த முதல் நாளில் இருந்தபடியே வெட்டலாம். ஆனாலும் பியூலியில் டப்பாக்களைக் கிளறுபவர்கள் புதிதாய் வெட்டிய சாவியோடு நிறைவடைவதில்லை. யூனியன் என்றோ வில்மாட் பிரீடன் என்றோ தேய்ந்த எழுத்து விரலில் நிரட வேண்டும். முடிந்தால் விற்ற கடையின் தோல் பட்டையும் அதோடு வேண்டும். அவர்கள் கேட்பது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரை ஓட்டிய எல்லாக் கைகளும் தொட்ட பாகம் சாவி.

செப்டம்பர் மாதத்துப் புல்வெளியில் இப்போதும் அது நடக்கிறது. காலையிலிருந்து குனிந்து நிற்கும் ஒருவர், உள்ளங்கையில் பேனாவால் எழுதிய மூன்று இலக்கங்களைப் பார்க்கிறார், டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறார், போடுகிறார், அடுத்ததை எடுக்கிறார். சில்லறைக் காசு கொடுத்து ஒரு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கும்போது நடையில் அவசரம் தெரிகிறது. கார் நிறுத்துமிடத்தில் கதவைத் திறக்கிறார். சாவி தயக்கத்தோடு நுழைகிறது. உள்ளே தகடுகள் ஒவ்வொன்றாக எழும்பும் மெல்லிய கரகரப்பு. திருப்புகிறார். டேஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது.